வில்லை ஒளித்தவரும் போர்வையை ஒளித்தவரும்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துக் குரூப்பில் ஒரு சண்டை நடந்தது. அறுபதைத் தொடப்போகிற வயதில் நாம் அடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: நம் இதிகாசத்து வில்லாளி பெரிய ஆளா, சினிமாவில் போர்வையைக் கட்டிக்கொண்டு பறக்கிற வெளிநாட்டு வீரன் பெரிய ஆளா? பாலவனத்தத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர், "ஏலே, ஒரு அம்பு விட்டா பறக்கிறவன் பொத்துனு விழுவான்ல" என்று ஆரம்பித்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், "அம்பு மொதல்ல மேகத்துக்கு எட்டணும்ல" என்றார். அதற்குப் பிறகு கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. கடைசியில் யாரோ, "கணக்குல நூறு வாங்குன அம்மா ஒண்ணும் பேசக் காணோமே" என்று என்னை இழுத்தார்கள். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எனக்குச் சொல்ல இருந்தது. போனில் தட்டுகிற அளவுக்குள் அது அடங்காது. அதில் நீங்களும் இருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க என்னை "அப்பனையே தெரியாதுன்னவ" என்று கூப்பிட்டீர்கள். கோபமில்லை, இப்போது இல்லை. ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாது. பந்தல்குடியிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி, கரிசலுக்கு நடுவே நாற்பது வீடு. அங்கிருந்து நம் பள்ளிக்கு வந்த ஒரே பிள்ளை நான். இரண்டு மைல் நடை. கோடையில் கரிசல் பிளந்து கிடக்கும். கவனமில்லாமல் நடந்தால் கால்விரல் வெடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். நீங்கள் பொறாமைப்பட்ட அந்த நூறு மார்க் அப்படி வந்ததுதான்.

நாங்கள் இருந்தது மாமா வீட்டில், அதாவது அம்மாவின் அண்ணன் வீட்டில். நிலம், கிணறு, மோட்டார், நாலு மாடு எல்லாம் அவருடையது. அப்பாவுக்கு நிலம் கிடையாது. அதனால் கல்யாணமானதும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். மாமா ஒரு நாளும் அவரை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "மாப்ள, தொழுவத்தைக் கூட்டிட்டீகளா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீகளா?" என்று மரியாதை கொடுத்தே வேலை வாங்குவார். "ஆச்சு மச்சான்" என்பார் அப்பா. பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான் அவர் அந்த வீட்டில் பேசியது.

என்னிடம் மட்டும் நிறையப் பேசுவார். ஒரு தடவை அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு ஏற்றிப் போனவர், பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு படக்கதைப் புத்தகத்தை எனக்காக எடுத்து வந்தார். அட்டை கிடையாது, அதனால் பேரும் தெரியாது. முதல் நாலு பக்கம் கடலை எண்ணெய் ஊறி, இந்தப் பக்கத்துப் படம் அந்தப் பக்கம் தெரியும். அதில் ஒருவர் பகலெல்லாம் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்ப்பார். ஊருக்கு ஆபத்து என்றால் தகரப் பெட்டியிலிருந்து நீலப் போர்வையை எடுத்துக் கட்டிக்கொண்டு பறப்பார். நாங்கள் அவருக்குப் போர்வைக்காரர் என்று பேர் வைத்தோம். தொழுவத்தில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருக்க, அப்பா குரலை மாற்றி மாற்றி வாசிப்பார். வில்லன் பேசும்போது காளைகூடக் காதைத் திருப்பும்.

எனக்குப் பிடித்தது ஒரு பக்கம். கடிகாரக்காரரைச் சந்தேகப்பட்டுப் பிடித்த எதிரிகள் அவருடைய தங்கச்சி முன்னால் நிறுத்தி, "இவனை உனக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள். அவர் அவளிடம் எதையும் சொன்னதில்லை. அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்பாள். அடுத்த கட்டத்தில் அவர் கண் மட்டும் சிரிக்கும். "பாத்தியா, கெட்டிக்காரப் பிள்ளை! காப்பாத்திருச்சு" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது மாதிரியே சொல்வார் அப்பா.

இனி மழைக்கதை. நம் பக்கம் மழை பொய்த்தால் பெருமாள் கோயில் முன்னால் பழங்கதை படிப்பார்கள். காட்டுவாசம் முடித்த ஐந்து பேரும் அவர்கள் மனைவியும் ஒரு ராஜா வீட்டில் மாறுவேடத்தில் ஒரு வருடம் வேலை பார்க்கிற பகுதி மட்டும். ஒருவருக்கு அடுப்படி, ஒருவருக்குக் குதிரைக் கொட்டடி, ஒருவருக்கு மாட்டுத் தொழுவம். வில்லாளி தன் வில்லை வன்னி மரத்தில் ஒளித்துவிட்டு, வளையல் போட்டுக்கொண்டு ராஜா மகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். வருடம் முடியுமுன் யாராவது அடையாளம் கண்டுவிட்டால் மறுபடியும் பன்னிரண்டு வருடம் காட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் இதோடு ஒரு கட்டுப்பாடும் சேர்த்திருந்தார்கள். படிப்பு தொடங்கிய நாளிலிருந்து வில்லாளி வெளிப்படும் பத்தாம் நாள் வரை அவர் பேரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவரும் காட்டுக்குப் போவார், மழையும் கூடவே போய்விடும். "அவுக இன்னைக்கு வளையல் போட்டுட்டாக" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேர் வைத்த பிள்ளைகளைக்கூடப் பத்து நாளைக்கு "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். பழக்க தோஷம், இன்றைக்கும் அது எனக்கு வாயில் வராது. இந்தக் குறிப்பிலும் வராது.

நான் ஐந்தாவது படிக்கும்போதும் மழை பொய்த்து, படிப்பு நடந்தது. அப்போது அப்பாவிடம் நானும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். "அவுக பெரிய ஆளாப்பா, போர்வைக்காரரு பெரிய ஆளா?"

அப்பா சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். "அவுக வில்லை மரத்துல வச்சுட்டாக. இவரு போர்வையைப் பெட்டியில வச்சுட்டாரு. பொழுதுக்கும் ரெண்டு பேருக்கும் அடுத்தவுக வேலைதான்."

"நீங்க எதை எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கீக?"

"கண்டுபிடி பாப்போம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் இரண்டு நாள் தொழுவம் முழுக்கத் தேடினேன்.

அடுத்த சித்திரையில், அம்மாவின் தங்கையும் அவள் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். அவருக்கு டவுனில் மோட்டார் சாமான் கடை, சொந்தக் கார். பந்தியில் அப்பாவும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு விழுந்துவிட்டது. மாமா பின்னால் வந்து குனிந்து, "மாப்ள, காரு வெயில்ல காயிது. மாட்டை அவுத்து வெளிய கட்டிட்டுக் காரை உள்ள விடச் சொல்லிருங்களேன். வந்து சாப்புடுவீக" என்றார். அப்பா இலையை விட்டு எழுந்தார். மாடுகளை அவிழ்த்து வேம்படியில் கட்டினார். தொட்டியில் கைகால் கழுவினார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார். அந்த இலையில் சோறு காய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் விருந்தாளி, "அண்ணனை எங்க காணோம்?" என்று கேட்டார். மாமா வெற்றிலையை மடித்தபடி, "அவுக மறஞ்சு வாழப் போயிருக்காக. நாள் முடிஞ்சதும் வில்லும் கையுமா வருவாக பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது. மாமா சொன்னால் அந்த வீட்டில் அதுதான் சட்டம். அவர் அதைக் கேலிக்குச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மறைந்து வாழ்கிறவர் திரும்பி வந்தாக வேண்டும். நாம் செய்ய வேண்டியது, யாரும் அடையாளம் கண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது.

வைகாசி, ஆனி, ஆடி. அப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா பாத்திரம் தேய்த்தாள், பருத்திக்கொட்டை அரைத்தாள், என் பக்கம் திரும்புவதே குறைந்துவிட்டது. நம் பள்ளியில் சேர்ந்தேன். எல்லோரும் ஏற்கனவே ஜோடி சேர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். மத்தியானம் குழாயடியில் தனியாகச் சாப்பிட்டேன். பொழுதுசாய்ந்தால் தொழுவத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை நானே குரல் மாற்றி வாசிப்பேன். காளை திரும்பிக்கூடப் பார்க்காது. அழுகை வரும். அழுதால் யாராவது ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் விஷயம் வெளியாகிவிடும் என்று அடக்கிக்கொள்வேன்.

ஆவணி முடியப் போகும் நேரத்தில் படிப்பு தொடங்கியது. கதையில் ஒரு வருடம்; கோயிலில் பத்தே நாள். அதனால் பத்தாம் நாளில் மறைந்திருப்பவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள் என்று நானாகக் கணக்குப் போட்டேன். நூறு மார்க் வாங்குகிறவளின் கணக்கு.

ஒன்பதாம் நாள், இரண்டாம் பீரியடில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று மாமா அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அறைக்குள் அப்பா நின்றுகொண்டிருந்தார். தாடி. காக்கிச் சட்டை. கிரீஸ் வாடை. அதற்கு அடியில் அவருடைய வியர்வை வாடையும் எனக்குத் தெரிந்தது. ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளக் கால் துடித்தது.

"இவர் உங்கப்பான்னு சொல்றாரும்மா. இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

நீங்கள் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு பார்த்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. இன்றைக்கு மாட்டிக்கொண்டால் பன்னிரண்டு வருடம். நான் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது சார்" என்றேன். பிறகு அவர் கண் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

சிரிக்கவில்லை. "கண்ணு, அப்பா வந்திருக்கேன்டா" என்றார்.

நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். அதனால் இன்னும் சத்தமாக, "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார்" என்றேன். பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது அவ்வளவு பெருமையாக இருந்தது.

"பிள்ளை தெரியாதுங்குதேய்யா, நான் எப்படி அனுப்புறது?" என்றார் தலைமை ஆசிரியர். அப்பா தாடியைத் தடவிக்கொண்டார். "சரிங்க சார். தாடி வச்சிருக்கேன்ல, பிள்ளைக்கு அடையாளம் தெரியல" என்றார். செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டியிருந்த ஒன்றை மேஜையில் வைத்து, "இதையாவது குடுத்துருங்க" என்றார். பார்த்தாலே தெரிந்தது, புத்தகம்தான். தலைமை ஆசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் நான் போய்க் கேட்டபோது, "தெரியாதவுக குடுத்ததை வாங்கலாமாம்மா?" என்றார். 

அப்பா மைதானத்தைத் தாண்டிக் கருவேல மரம் வரை போனவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கையாட்டவில்லை. யாராவது பார்த்துவிட்டால்?

அன்று பள்ளி விட்டு வீட்டுக்குப் போனபோது மாமா மோட்டார் சைக்கிளில் அம்மாவைப் பந்தல்குடியிலிருந்து கூட்டிவந்து இறக்கினார். அம்மா கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. மாமா முகம் கறுத்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாக அத்தை சொன்னாள். விளக்கு வைத்த பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து படுத்து, "பள்ளிக்கூடத்துக்கு யாரும் வந்தாகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ வந்தாக. எனக்குத் தெரியாதவுக" என்றேன். அம்மாவிடம்கூட உளறவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தாம் நாள். எதிரிகள் கவர்ந்துபோன மாடுகளை வில்லாளி தனியாளாக மீட்கிற கட்டம். ஊர் மாடுகளையெல்லாம் காய்ந்த கண்மாய்க்குள் ஓட்டிப் போய் அங்கிருந்து கோயிலுக்குத் திருப்பி விரட்டினார்கள். புழுதி. மணிச் சத்தம். பத்து நாளாக அடக்கி வைத்திருந்த பேரை ஊரே ஒரே குரலில் கத்தியது. நான் அந்தச் சத்தத்திலேயே நழுவி ஊர் விலக்குக்கு ஓடினேன். பஸ் அங்கேதான் நிற்கும். மூன்று மணி பஸ்ஸில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு மேற்கே கறுத்தது. கரிசல் மணம் முதலில் வந்தது, பிறகு பெரிய பெரிய துளி, பிறகு கண் தெரியாத மழை. ஊருக்குள் குலவைச் சத்தம் கேட்டது. மாமா துண்டைச் சுழற்றி ஆடினாராம். ஆறு மணி பஸ் மழையில் வரவே இல்லை.

சாக்கைக் கொங்காணி மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு அம்மாதான் தேடி வந்தாள். "இங்க என்னடி பண்ணுற?"

"மழை பாக்குறேன்" என்றேன்.

யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஒருவேளை நான் அதிக நேரம் பார்த்துவிட்டேனோ என்னவோ. இனி பன்னிரண்டு வருடம். மறுநாள் மாமா பள்ளிக்கு வந்து தலைமை ஆசிரியரிடம் அவரை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று சத்தம் போட்டதில்தான் வந்தது என் அப்பாவேதான் என்று உங்களுக்கு உறுதியானது, எனக்குப் பட்டப்பேரும் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

மாமா கெட்டவர் இல்லை. எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவரும், காலேஜில் சேர்த்தவரும் அவர்தான். அப்பாவை இலையிலிருந்து எழுப்பியதை அவர் ஒரு தப்பாகவே நினைத்திருக்க மாட்டார். அப்பா பள்ளிக்கு வந்து போன ஒன்பதாம் வருடம் பந்தல்குடி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் மூலமாகத் தகவல் வந்தது. அப்பா தூத்துக்குடியில் ஒரு லாரி ஷெட்டில் இறந்துவிட்டார். நானும் அம்மாவும் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வயதில் எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. இருந்தும் பஸ்ஸில் என் விரல் தானாக எண்ணியது. பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று பாக்கி.

ஷெட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதானா அந்தப் பிள்ளை? ஒரு தடவை வந்து பாத்தாராம்மா. ஒனக்கு அடையாளம் தெரியலையாம். பிள்ளை மறந்து நிம்மதியா இருக்கு, இனிப் போயித் தொந்தரவு பண்ணக் கூடாதும்பாரு" என்றார். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

போன வருடம் மாமா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு நானும் அம்மாவும் திரும்பினோம். அம்மாவுக்கு எண்பது ஆகிறது. காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "அன்னைக்கு நான் பந்தல்குடியில நின்னேன், தெரியுமா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அவுக ஒன்னயப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வரணும். நான் முன்னாடியே போயி நிக்கணும். மூணு பேரும் தூத்துக்குடி லாரியில போயிரணும். கண்டக்டர்ட்டச் சொல்லிவிட்டு ரெண்டு வாரமா ஏற்பாடு பண்ணுனது. அவுக வரல. எங்கண்ணந்தான் வந்தாக." காபியைக் கீழே வைத்தாள். "நீ ஏன்டி அப்படிச் சொன்ன? எங்கண்ணன் மெரட்டுனாகளா?"

நாற்பத்தேழு வருடமாக அம்மா அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வைக்காரரை, அவர் தங்கச்சியை, வன்னி மரத்து வில்லை, பாக்கியிருந்த அந்த ஒரு நாளை.

யார் பெரிய ஆள் என்று கேட்டீர்களே. பலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மழைக்கதையில் ஆறு பேரும் ஒரே வீட்டில் ஒளிந்திருந்தார்கள். இன்னார் இன்னார் என்று ஒருவருக்கொருவர் தெரியும். ஐந்து பேரின் மனைவிக்குத் தாங்க முடியாமல் போனபோது அடுப்படிக்குப் போய்ச் சொல்லி அழ ஆள் இருந்தது. போர்வைக்காரர் தங்கச்சியிடம்கூடச் சொல்லாமல் தனியாக ஒளிந்தார். நாங்கள் மூன்று பேரும் போர்வைக்காரர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொண்டோம். என் ஓட்டு வில்லாளிக்கு.

அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஒன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றாள். "சின்னப் பிள்ளை, ஒளறிருவேன்னு பயந்துட்டேன்."

"ஒளற மாட்டேம்மா" என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியுது" என்றாள். "ஒங்கப்பாகிட்டயே ஒளறலையே."